பிரிட்ஜுக்குப் பூட்டு போட்ட அம்மாவுக்கு

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் மகனுக்கு 9 வயது. உயரம் 142 செ.மீ., எடை 58 கிலோ. பிறக்கும்போது 3 கிலோதான். இரண்டு வயதுக்கு மேல் ஏற ஆரம்பித்த எடை இன்னும் நிற்கவில்லை. சாப்பிட்டு எழுந்து அரை மணி நேரத்தில் பசிக்கிறது என்று வந்து நிற்கிறான். ராத்திரி எழுந்து போய் எதையாவது எடுத்துச் சாப்பிடுகிறான், ஒருநாள் பரண்மேல் வைத்திருந்த முறுக்கு டின் முழுக்கக் காலி. பிரிட்ஜுக்குப் பூட்டு போட்டுச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறேன். மாமியார் (என் சொந்த அத்தைதான்) “நீ வளர்த்த லட்சணம்” என்கிறார். கணவர் “நாக்கை அடக்கத் தெரியாதவன்” என்று சில சமயம் அடித்தும் விடுகிறார். மூளையில் ஏதோ சவ்வுப் புரதம் சரியில்லை என்றால் இப்படிப் பசிக்கும் என்று போனில் படித்தேன். இது உண்மையா, இல்லை எங்களைப் போன்றவர்கள் சொல்லிக்கொள்ளும் சாக்கா? இதற்கு ஊசி இருக்கிறதாமே, போடலாமா? 4 வயதில் ஒல்லியாக ஒரு பெண்ணும் இருக்கிறாள். அவளுக்கும் வருமா?
ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அம்மா, உண்மைதான். சாக்கு இல்லை. உங்கள் பையனுக்கும் அதுதானா என்பது வேறு கேள்வி, அதைக் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு எண் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அது எடை இல்லை, உயரம். அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. அடிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஏன் என்று அவருக்கும் புரிய வேண்டும், அதனால் இந்தப் பதிலை அவரையும் படிக்க வையுங்கள். முடிந்தால் அத்தைக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பசி வயிற்றில் இருப்பதாகத்தான் நாம் பேசுகிறோம், வயிறு கேட்கிறது, வயிறு கிள்ளுகிறது என்று. வயிறு தகவல் அனுப்பும், அவ்வளவுதான் அதன் வேலை. கணக்குப் பார்த்து “போதும்” என்றோ “இன்னும் வேண்டும்” என்றோ சொல்வது மூளையின் அடிப்பகுதியில், ஒரு பாதாம் பருப்பு அளவுக்கு இருக்கும் ஹைப்போதாலமஸ். அங்கே இருக்கும் நரம்புச் செல்களுக்கு மற்ற எல்லாச் செல்களையும் போலக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று சுற்றுச்சுவராக இருக்கிறது, ரத்தத்தில் வரும் லெப்டின் மாதிரி ஹார்மோன்கள் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போக முடியாது. அதனால் சுவரில் குறுக்கே பதித்த புரதங்கள் உண்டு. வாசலில் காலிங்பெல் வைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆள் வெளியே நின்று பொத்தானை அழுத்துவார், சத்தம் உள்ளே கேட்கும். இந்தப் புரதத்தை நாங்கள் ரிசெப்டர் என்போம், பாடப் புத்தகத்தில் ஏற்பி. நீங்கள் போனில் படித்த சவ்வுப் புரதம் இந்த வகைதான்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும், கொஞ்சம் கொடூரமாகவும் இருக்கும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் என்று ஒன்று, எலி வளர்ப்பதற்கே பேர்போன இடம். அங்கே 1949-ல் தானாகவே பிறந்த ஒரு வகை எலி ஓயாமல் தின்று உருண்டையாகிவிட்டது. 1960-களில் அதே மாதிரி குண்டான இன்னொரு வகையும் கிடைத்தது. டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி, இரண்டு எலிகளின் உடலைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து ஒன்றின் ரத்தம் இன்னொன்றுக்குள் போகும்படி செய்து பார்த்தார். இரண்டாம் வகைக் குண்டு எலியைச் சாதாரண எலியோடு தைத்தால், சாதாரண எலி தீனியைத் தொடாமல் பட்டினி கிடந்து செத்தது, குண்டு எலி மட்டும் தின்றுகொண்டே இருந்தது. முதல் வகைக் குண்டு எலியோடு தைத்தாலும் அதே கதை, முதல் வகை பட்டினி கிடந்து செத்தது. இதிலிருந்து கோல்மன் போட்ட கணக்கு: இரண்டாம் வகையின் ரத்தத்தில் “போதும்” என்று சொல்லும் பொருள் ஏராளமாக ஓடுகிறது, ஆனால் அதன் மூளைக்கு அது கேட்கவில்லை, முதல் வகைக்குக் கேட்கும், ஆனால் அந்தப் பொருளே அதன் உடலில் இல்லை. ஒன்றில் அழுத்த ஆள் இல்லை, இன்னொன்றில் பெல் இல்லை. அப்போது பலரும் இதை நம்பவில்லை. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்தப் பொருளுக்கான மரபணுவைப் பிடித்தது, மறு வருடம் அந்தப் பொருளுக்கு லெப்டின் என்று பெயர் வைத்தது, அதே வருடம் பெல்லும், அதாவது லெப்டின் ரிசெப்டரும் கிடைத்தது. கணக்கு அப்படியே சரி.

எலிக் கதை நமக்கெதற்கு என்று உங்கள் கணவர் கேட்பார். 1997-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள், பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பம், சொந்தத்துக்குள் கல்யாணம், ஒரு பெண்ணுக்கு 8 வயதில் 86 கிலோ, அவளுடைய உறவுக்காரப் பையனுக்கு 2 வயதில் 29 கிலோ. இரண்டு பேர் உடம்பிலும் லெப்டின் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தினம் லெப்டின் ஊசி போட்டார்கள், ஒரே வருடத்தில் 16 கிலோ குறைந்தது. அவள் குணம் மாறவில்லை, வளர்ப்பு மாறவில்லை, யாரும் கண்டிக்கவில்லை. இல்லாத ஒரு ஹார்மோனைக் கொடுத்தார்கள், பசி அடங்கியது. இதைப் படித்துவிட்டு உலகத்தில் எல்லாக் குண்டானவர்களுக்கும் லெப்டின் கொடுத்துவிடலாம் என்று மருந்துக் கம்பெனிகள் கனவு கண்டது தனிக்கதை. சாதாரண உடல்பருமனில் லெப்டின் ஏற்கெனவே நிறையத்தான் இருக்கிறது, மூளை காதில் வாங்குவதில்லை, அதனால் கொடுத்தும் பெரிதாகப் பலனில்லை.

இப்போது உங்கள் பையன் விஷயத்துக்கு அருகில் வருகிறோம். லெப்டின் பெல் அடித்ததும் உள்ளே அடுத்த வீட்டுக்குச் செய்தி போக வேண்டும், அந்த இரண்டாவது வீட்டின் பெல்லுக்குப் பெயர் எம்சி4ஆர். 332 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சங்கிலி, சவ்வை 7 தடவை உள்ளும் வெளியுமாக ஊசி நூல் போட்டுத் தைத்தது போல் போகும். இதை அழுத்தினால் பசி அடங்கும். அழுத்துவதற்கு ஒரு ஹார்மோன் இருக்கிறது, அழுத்த விடாமல் பொத்தானைப் பொத்திக்கொள்ள ஏஜிஆர்பி என்று இன்னொரு பொருளும் இருக்கிறது. பட்டினி கிடந்தால் இந்த இரண்டாவது ஆள் அதிகமாவான். அவனைச் சுரக்கும் நரம்புச் செல்கள் சில நூறை மட்டும் ஒளியால் தூண்டிவிட்டு 2011-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள், வயிறு நிறையத் தின்றிருந்த எலிகள் சில நிமிடங்களில் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவை போலத் தின்ன ஆரம்பித்தன. உங்கள் கணவர் சொல்லும் “நாக்கு” இதில் எங்கே வருகிறது என்று அவரிடம் கேளுங்கள்.

(நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல். லாப்ரடார் நாய் எவ்வளவு போட்டாலும் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கும் அல்லவா, அவற்றில் ஏறக்குறைய கால்வாசிக்கு, இந்தப் பெல்லை அழுத்தும் ஹார்மோனுக்கான மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது என்று 2016-ல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள்.)

எம்சி4ஆர் மரபணுவில் பழுது இருந்தால் மனிதருக்கும் எடை ஏறும் என்பது 1998-ல் தெரிந்தது. ஒரே மரபணுவால் வரும் உடல்பருமன்களில் இதுதான் அதிகம் காணப்படுவது. அப்பா தந்த பிரதி ஒன்று, அம்மா தந்த பிரதி ஒன்று, இரண்டில் ஒன்று கெட்டாலே பாதிப்பு தெரியும், இரண்டும் கெட்டால் கடுமை. பழுது என்றால் பெரும்பாலும் என்ன நடக்கிறது தெரியுமா, பெல் தயாராகிறது, ஆனால் வாசலுக்கு வந்து சேராமல் செல்லுக்குள்ளேயே முடங்கிவிடுகிறது. அதை வாசல்வரை கொண்டுவரத் துணை செய்ய எம்ராப்2 என்று இன்னொரு சவ்வுப் புரதம் வேறு இருக்கிறது, அது கெட்டாலும் எடை ஏறும். பொருத்த வேண்டிய இடமும் சாதாரணச் சுவர் இல்லை, செல்லின் மேல் ஆன்டெனா மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை மயிரிழை. அந்த இழையே சரியாக அமையாத பிறவிக் கோளாறுகளில் குழந்தைகள் குண்டாவது ஏன் என்று பல வருடம் புரியாமல் இருந்தது, 2018-ல் எம்சி4ஆர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் முடிச்சு அவிழ்ந்தது.

கேம்பிரிட்ஜ்காரர்கள் இன்னொரு வேடிக்கையும் செய்தார்கள். பார்ப்பதற்கும் ருசிக்கும் ஒரே மாதிரி இருக்கும் மூன்று சிக்கன் குருமா, கொழுப்பு மட்டும் குறைவு, நடுத்தரம், அதிகம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள் என்று வைத்தால், எம்சி4ஆர் பழுதுள்ளவர்கள் கொழுப்பு அதிகமான குருமாவை ஒல்லியானவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சாப்பிட்டார்கள். எதில் கொழுப்பு அதிகம் என்று அவர்களுக்குச் சொல்லவே இல்லை. சர்க்கரை அதிகமான இனிப்பு மற்றவர்களுக்குப் பிடித்த அளவுக்கு இவர்களுக்குப் பிடிக்கவும் இல்லை. என்ன வேண்டும் என்பதைக்கூட இந்தப் பெல் ஓரளவு தீர்மானிக்கிறது.

சரி, உயரம். 9 வயதில் நம் பையன்கள் பெரும்பாலும் 130 செ.மீ.யை ஒட்டித்தான் இருப்பார்கள், உங்கள் பையன் 142. தைராய்டு குறைவாலோ வேறு ஹார்மோன் கோளாறாலோ குண்டாகும் குழந்தைகள் வழக்கமாகக் குள்ளமாக இருக்கும், வளர்ச்சி நின்றுபோகும். குண்டான பிள்ளைகள் பொதுவாகவே இந்த வயதில் சற்று உயரம்தான், எனவே இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் எம்சி4ஆர் பழுதுள்ள பிள்ளைகள் சட்டென்று உயரமாக வளர்வார்கள், எலும்பும் தசையும் கனமாக இருக்கும், எடைக்குத் தகுந்த அளவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்காது. பிறக்கும்போது சரியான எடை, 5 வயதுக்கு முன்பே கடுமையான ஏற்றம், அடங்காத பசி, இரவில் தேடிப் போய்ச் சாப்பிடுவது, நல்ல உயரம், சொந்தத்தில் கல்யாணம், எல்லாம் சேர்ந்து வரும்போது மரபணுப் பரிசோதனை கேட்பது நியாயம். அமெரிக்க ஹார்மோன் மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதலும் 5 வயதுக்கு முன் தொடங்கிய கடும் பருமனும் அளவு மீறிய பசியும் இருந்தால் பரிசோதிக்கச் சொல்கிறது, எல்லாக் குண்டுக் குழந்தைக்கும் செய்யச் சொல்லவில்லை.

சில விஷயங்களை நீங்கள் எழுதவில்லை, யோசித்து வையுங்கள். பிறந்தபோது துவண்டு கிடந்தானா, பால் குடிக்கச் சக்தியில்லாமல் இருந்தானா? கை கால்களில் ஆறாவது விரல் இருந்து எடுத்தீர்களா? அந்தி நேரத்தில் தடுமாறுகிறானா, படிப்பு மிகவும் பின்தங்குகிறதா? சின்ன வயதில் அடிக்கடி கடுமையான சளி, நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்களா? ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறைக் காட்டும். அப்புறம் கழுத்தைச் சுற்றி அழுக்குப் போலக் கறுப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பயத்தமாவு போட்டுத் தேய்க்காதீர்கள், அது அழுக்கு இல்லை, இன்சுலின் அதிகமாகச் சுரக்கிறது என்பதற்கு அடையாளம்.

இதையெல்லாம் படித்துவிட்டு “அப்போ இதுதான்” என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்களோ என்று எனக்குப் பயமும் இருக்கிறது. ஐரோப்பியக் கிளினிக்குகளில் சிறு வயதிலேயே கடும் பருமன் வந்த குழந்தைகளைப் பார்த்தால்கூட நூற்றுக்கு 5 பேர் வரைதான் எம்சி4ஆர். தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு எடை அதிகம், அத்தனை பேருக்குமா பெல் கெட்டுவிட்டது? இல்லை. நல்ல பெல்லைக்கூட மழுங்கடிக்கிற அளவுக்குப் பஃப்ஸும் பாட்டில் பானமும் டியூஷனும் தூக்கக் குறைவும் நம் பிள்ளைகளைச் சுற்றி நிற்கின்றன. அதே நேரம், பழுது இருந்தாலும் அது தலைவிதி இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதியில் பிறந்த ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் 340 பேருக்கு ஒருவரிடம் இந்தப் பழுது இருந்தது, அவர்கள் 18 வயதில் மற்றவர்களைவிடச் சராசரியாக 17 கிலோவுக்கு மேல் கனம். சராசரி என்றால் அதற்குக் கீழே இருப்பவர்களும் உண்டு.

முதலில் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் போங்கள், மதுரையிலேயே பார்க்கலாம். தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் என்சைம், ரத்த அழுத்தம், இவை எப்படியும் பார்க்க வேண்டியவை, காரணம் எதுவானாலும். மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம்தான் எடுப்பார்கள், முடிவு வர வாரக்கணக்காகும். அது “ஒன்றும் இல்லை” என்று வந்தால் பையன் நடிக்கிறான் என்று அர்த்தமில்லை. உடல் எடையில் மரபின் பங்கு பெரியது, தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை டென்மார்க்கில் ஆராய்ந்து 1986-ல் வெளியிட்டார்கள், அவர்கள் எடை பெற்றவர்களைப் போல இருந்தது, வளர்த்தவர்களைப் போல இல்லை. அத்தைக்கு இந்த வரியை இரண்டு தடவை வாசியுங்கள்.

ஊசி விஷயம். செட்மெலனோடைட் என்று ஒரு மருந்து இருக்கிறது, எம்சி4ஆர் பொத்தானை நேரடியாக அழுத்துவது, 2020-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். தினமும் போட வேண்டும், மிக மிக விலை அதிகம், தோலும் மச்சங்களும் கறுக்கும். ஆனால் அது பெல் நன்றாக இருந்து அழுத்த ஆள் இல்லாத கோளாறுகளுக்கு, லெப்டின் ரிசெப்டர் பழுதுக்கு, அந்த மயிரிழைக் கோளாறுகளில் ஒன்றுக்கு. பெல்லே உடைந்திருந்தால் அழுத்தி என்ன பயன்? ஊரெல்லாம் பேசும் செமாக்ளுடைட், டிர்செபடைட் ஊசிகள் வேறு வகை, ஜிஎல்பி-1 என்ற இன்னொரு பெல்லை அழுத்துபவை, எம்சி4ஆர் பழுது இருந்தாலும் இந்த வழி திறந்திருக்கிறது. பெரியவர்களுக்கு செமாக்ளுடைட் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைத்தது, நிறுத்தினால் ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. 9 வயதுக்கு இது வழக்கமான சிகிச்சை இல்லை. உடல்பருமனுக்கு செமாக்ளுடைட் அமெரிக்காவிலேயே 12 வயதிலிருந்துதான் அனுமதி. தெரிந்த மருந்துக்கடையில் கேட்டு நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

பூட்டைக் கழற்றச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன். மூளையில் பசி அடங்காத சில பிறவிக் கோளாறுகளில் சமையலறையைப் பூட்டி வைப்பதைச் சிகிச்சையின் பகுதியாகவே சொல்லிக் கொடுக்கிறோம், கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்தால் அந்தக் குழந்தைகளின் தவிப்பு குறைகிறது. ஆனால் அங்கே அடுத்த சாப்பாடு எத்தனை மணிக்கு, என்ன என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கும், அந்த நேரம் தவறாது. உங்கள் வீட்டில் பூட்டு தண்டனையாக இருக்கிறது. அவனுக்குத் தெரியும்படி நேரத்தை எழுதி ஒட்டுங்கள், மூன்று வேளை, நடுவில் இரண்டு சிறு தீனி, சுண்டல், வேர்க்கடலை, கொய்யா, மோர் என்று. பட்டினி போடாதீர்கள், பொத்திக்கொள்ளும் அந்த இரண்டாவது ஆளைப் பற்றிச் சொன்னேனே. தட்டில் அளவாகப் போட்டு அடுப்பங்கரையிலிருந்து கொண்டு வாருங்கள், பாத்திரத்தோடு நடுவில் வைக்க வேண்டாம். முறுக்கு டின் வீட்டுக்கே வர வேண்டாம், அவனுக்கு மட்டுமில்லை, அப்பாவுக்கும்தான். அவன் எதிரில் அப்பா மிக்சர் சாப்பிட்டுக்கொண்டு “நீ தொடாதே” என்பது எந்த ஊர் நியாயம்? எம்சி4ஆர் பழுதுள்ள குழந்தைகளும் இப்படி ஒழுங்குபடுத்தினால் மற்றவர்களைப் போலவே எடை குறைகிறார்கள், குறைந்ததைக் காப்பாற்றுவதுதான் அவர்களுக்குக் கஷ்டம், அதனால் இதை மூன்று மாத டயட் என்று நினைக்காமல் வீட்டுப் பழக்கமாகவே ஆக்கிவிடுங்கள்.

பெண் குழந்தை. 4 வயதில் ஒல்லி என்பதே நல்ல செய்தி, இந்த வகைக் கோளாறுகள் பெரும்பாலும் அதற்குள் தலைகாட்டிவிடும். அண்ணனுக்குச் சோதனையில் ஏதாவது வந்தால் மட்டும் அவளைப் பார்க்கலாம். எம்சி4ஆரில் ஒரு பிரதி பழுது பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதி வாய்ப்பு, இரண்டு பிரதியும் கெட வேண்டிய லெப்டின் போன்ற கோளாறு என்றால் நாலில் ஒன்று. அத்தை மகனைக் கட்டியதற்கு உங்களைக் குற்றம் சொல்லவில்லை, மேலே சொன்ன தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 கல்யாணம் சொந்தத்தில்தான். அடுத்த குழந்தை பற்றி யோசனை இருந்தால் மட்டும் முன்கூட்டியே மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

டாக்டரிடம் போகும்போது தடுப்பூசி அட்டை, பள்ளியில் வருடா வருடம் எடுத்த உயரம் எடை எழுதிய கார்டு, பழைய போட்டோக்கள், உங்கள் இரண்டு பேர் உயரம், எல்லாம் எடுத்துப் போங்கள், எந்த வயதில் எடை ஏறியது என்பது அதில்தான் தெரியும். ராத்திரி எடுத்துச் சாப்பிடுவதையும் முறுக்கு டின்னையும் சொல்லும்போது அவனைத் தங்கச்சியோடு வெளியே உட்கார வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.